வடக்குச் சுவர்

ராமநாதபுரத்துக் கடையில்
ஹீட்டர் இரண்டாயிரத்து முந்நூறு.
பெட்டிமேல் பனிமலைப் படம்.
பாம்பனில் யாருக்கும் பனிமலை தெரியாது,
வாடை தெரியும்.

மார்கழி பிறந்தால்
நள்ளிரவுக்குமேல் கடலைக் கடந்து
ஈரக் காலோடு வந்து
கிடுகின் ஒவ்வோர் ஓட்டையாக
எண்ணிப் பார்த்து நுழையும்.
வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்,
இருபத்திரண்டு டிகிரி, இதெல்லாம் குளிரா என்று.
ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்த பிள்ளையைக்
கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்தவள்,
என் தம்பி மகள்.
உள்ளங்கால் எப்போதும் ஐஸ்பெட்டி மீன்.
நர்ஸ் ஷெர்லினிடம் சொல்லி அனுப்பினாள்:
நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொள்,
தலைக்குக் குல்லா, காலுக்கு உறை,
கங்கு மட்டும் வீட்டுக்குள் வேண்டாம்,
கதவை அடைத்துக் கரிச்சட்டி வைத்து
விடியாமலே போன வீடுகள் உண்டு.

கரிக்கா இங்கே பஞ்சம்?
சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டு
லாரி லாரியாக எங்கெங்கோ போகிறது
எங்கள் ஜில்லாவின் சூடு.
அதை வாசலோடு நிறுத்திவிட்டோம்.
வாசல் அடுப்பில் செங்கல் சுட்டு
சாக்கில் சுற்றி
கட்டிலுக்கு அடியில் தள்ளுவான் கிளாட்வின்,
ஆறினதை எடுத்து மறுபடி அடுப்புக்கு.
செங்கல் ஓசி. சாக்கு ஓசி.
தூக்கம் மட்டும்தான் காசு.

தரை மணலில் கிழிந்த வலையை நான்காக மடித்து,
மேலே உரச்சாக்கு, அதற்கும் மேலே பாய்.
மிச்சம் வடக்குச் சுவர்.
தார்ப்பாய் மீட்டர் என்ன விலை என்று
நான் கேட்டுக்கொண்டு மட்டும் அலைந்த வாரத்தில்
பாக்கியமேரி ஒரு சுருளைத் தூக்கி வந்தாள்.
"முப்பது முடிஞ்சிருச்சு.
கிழிக்க மனசு வரல. பத்துக்கு ஆறு. எடுத்துக்க."

விரித்தால் இன்னாசிமுத்து.
போட்டு எஞ்சின் மெக்கானிக்.
வெள்ளைச் சட்டை, பையில் பேனா,
அவர் பேனா பிடித்து யாரும் பார்த்ததில்லை.
தோற்றம், மறைவு, கண்ணீர் அஞ்சலி,
கீழே வரிசையாக மருமக்கள்.
எனக்கு ஆயிரத்து இருநூறு தரவேண்டியவர்.
பாசி விற்ற காசு.
"ஞாயித்துக்கெழமை தாரேன் தங்கச்சி."
எந்த ஞாயிறு என்று சொல்லாமலே போய்விட்டார்.

முகத்தை வெளிப்பக்கம் வைத்துக் கட்டினோம்,
பிள்ளை கண் விழித்து
இறந்தவரைப் பார்க்கவேண்டாமே என்று.
அன்றிரவு வாடை அவர் நெஞ்சில் முட்டியது
படபடவென்று.
உள்ளே மாதா முன்னால்
மெழுகுவத்தி ஆடவில்லை.
மணிக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டேன்.
பன்னிரண்டு மணி நேரத்தில் கடன் அடைந்துவிடும்.

மூன்றாம் நாள் விடியலில்
பாசிக்குப் போகும் வழியில் பாக்கியமேரி நின்றாள்.
அவர் முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.
முந்தானையால் துடைத்தாள். மூக்கருகே இன்னொரு தடவை.
என்னைப் பார்க்காமல் சொன்னாள்,
"உள்பக்கமாத் திருப்பிக் கட்டுறியா.
அவருக்குப் பனி ஒத்துக்காது. மூச்சு இழுக்கும்."

நனைந்த நைலான் முடிச்சை
பல்லால்தான் அவிழ்க்கவேண்டியிருந்தது.
கண்ணீர் அஞ்சலியை மடித்துச் செருகினேன்.
தேதிகள் கட்டிலுக்குப் பின்னால் போயின.
இப்போது ஒரு வெள்ளைச் சட்டைக்காரர்
பேனாவோடு எங்கள் வீட்டில் இருக்கிறார்,
சாப்பிட்டுப் போகச்சொல்லி உட்காரவைத்த மாதிரி.
கணக்கை நான் பிறகு பார்க்கவில்லை.

கழுத்தளவுத் தண்ணீரில் பாசி அறுத்துவிட்டு
வந்ததும் பிள்ளையைத் தொடமாட்டேன்.
டீ டம்ளரைச் சுற்றிக் கொஞ்ச நேரம்,
கக்கத்தில் கொஞ்ச நேரம்,
என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான்
போர்வைக்குள் கையை விட்டு
அந்த உள்ளங்காலைத் தேடுவேன்.

நேற்று அது
என் கையைவிடச் சூடாக இருந்தது.
சட்டென்று கையை எடுத்துவிட்டேன்,
ஆறிவிடப் போகிறதே என்று.